வெளிறிய முகத்தின் சொல்: ‘அப்பால்’ என்னும் ஆங்கில வினை

அதிர்ச்சியைக் குறிக்க ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. ‘ஷாக்’, ‘ஸ்டன்’, ‘அஸ்டானிஷ்’, ‘அஸ்டவுண்ட்’, ‘ஹாரிஃபை’, ‘டிஸ்மே’, ‘ஃபிளாபர்காஸ்ட்’ என்று நீளும் அந்த வரிசையில், ஏ, இரண்டு பி, மீண்டும் ஓர் ஏ, எல் என்னும் எழுத்துகளால் ஆன ‘அப்பால்’ என்பது அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்காத வினை. ஆனால் நாடாளுமன்ற உரை, நாளிதழ்த் தலையங்கம், விசாரணைக் குழு அறிக்கை, ஐக்கிய நாடுகள் அவையின் தீர்மானம் ஆகியவற்றில் அதற்கென்று நிலையான ஓர் இடம் உண்டு. தமிழெழுத்தில் எழுதும்போது, தொலைவைக் குறிக்கும் நம்முடைய ‘அப்பால்’ என்ற சொல்லோடு அது ஒன்றிவிடுவது தற்செயலே. இரண்டுக்கும் எவ்வித உறவும் இல்லை. உடலில் நிகழும் ஒரு நிறமாற்றத்துக்குப் பெயராகப் பிறந்த இந்த வினை, காலப்போக்கில், அதைச் சொல்பவரின் குற்றமின்மைக்குச் சான்றுரைக்கும் சொல்லாக மாறியிருக்கிறது என்பதும், அம்மாற்றத்துக்கு அதன் இலக்கணமே துணைபோயிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இன்றைய பொருளிலிருந்து தொடங்குவது எளிது. நடந்திருக்கவே கூடாத ஒன்று நடந்துவிட்டது என்ற தீர்ப்போடு கலந்த பேரதிர்ச்சியை உண்டாக்குதல் என்று இந்த வினைக்கு விளக்கம் சொல்லலாம். பழைய நண்பர் ஒருவர் திடீரென இறந்துபோனார் என்ற செய்தி கேட்டவரை ‘ஷாக்’ செய்யும். அதே செய்தி அவரை ‘அப்பால்’ செய்தது என்றால், அந்த மரணத்துக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கொடுமையோ அலட்சியமோ இருந்திருக்க வேண்டும் என்றே ஆங்கிலம் அறிந்தவர் புரிந்துகொள்வார். எதிர்பாராத பெரும் பரிசு ஒருவரை ‘ஸ்டன்’ செய்யலாம், ‘அஸ்டானிஷ்’ செய்யலாம், ஒருக்காலும் ‘அப்பால்’ செய்யாது. இன்னொரு வேறுபாடும் கவனத்துக்குரியது. ‘ஷாக்’ என்பதற்கு எதிர்பாராமை வேண்டும். தெரிந்தே போய்ப் பார்த்த ஒன்றால் ‘ஷாக்’ அடைந்ததாகச் சொன்னால் கேட்பவர் நம்பமாட்டார். ‘அப்பால்’ என்பதற்கு அந்த நிபந்தனை இல்லை. இருபது ஆண்டுகள் சிறைச்சாலைகளை ஆய்வுசெய்த அதிகாரி, அங்குள்ள நிலைமையை நன்கு அறிந்தவராகவே இருந்தும், இருபத்தோராம் ஆண்டும் அதைக் கண்டு அவ்வாறு ஆவதாகச் சொல்லலாம். ஆகவே இந்த வினையின் உயிர் எதிர்பாராமையில் இல்லை, ஏற்க மறுப்பதில் இருக்கிறது. எழுத்துக்கூட்டலைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் வழக்கில் இறுதியில் ஓர் எல் போதும், அமெரிக்க வழக்கில் இரண்டு வேண்டும். ‘அப்பால்டு’, ‘அப்பாலிங்’ என்று எச்ச வடிவங்களாகத் திரியும்போது இரு நாட்டாரும் இரண்டு எல் இடுவதில் ஒன்றுபடுகிறார்கள்.

இவ்வகைச் சொற்களில் பெரும்பாலானவை உடலிலிருந்தோ உடலைத் தாக்கும் இயற்கையிலிருந்தோ வந்தவை. ‘அஸ்டானிஷ்’, ‘அஸ்டவுண்ட்’, ‘ஸ்டன்’ ஆகிய மூன்றும் பழைய பிரெஞ்சின் வழியாக, இடி முழங்குதலைக் குறிக்கும் ‘தொனாரே’ என்ற லத்தீன் வினையைச் சென்று சேர்கின்றன. மூன்றும் இடிவிழுந்தவனின் நிலையைச் சொன்னவை. ‘ஹாரிஃபை’ என்பதன் வேர் மயிர் குத்திட்டு நிற்பதைக் குறித்த லத்தீன் வினை, அதாவது நாம் மயிர்க்கூச்செறிதல் என்று சொல்வதேதான். ‘பெட்ரிஃபை’ என்பதில் கல்லாய்ச் சமைதல் இருக்கிறது. ‘அகாஸ்ட்’ என்ற சொல்லில் பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ ஒளிந்திருக்கிறது. ‘பேயறைந்தாற்போல’ என்ற தமிழ் வழக்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. ‘ஷாக்’ போர்க்களத்துச் சொல்: 16ஆம் நூற்றாண்டில் இரு படைகள் மோதிக்கொள்ளும் தாக்கத்தைக் குறித்து, பின்னர் மனத்துக்கும், அதன்பின் மின்சாரத்துக்கும் மருத்துவத்துக்கும் பரவியது. ‘ஃபிளாபர்காஸ்ட்’ மட்டும் குலம் கோத்திரம் தெரியாத சொல். 1772இல் அது ஒரு புதுநாகரிகச் சொல்லாகப் பதிவாகியிருக்கிறது என்பதற்குமேல் அகராதிகள் உறுதியாக எதுவும் சொல்வதில்லை.

‘அப்பால்’ என்பதன் வேர் வெளிறுதல். முகம் வெளிறுவதைக் குறித்த லத்தீன் சொற்குடும்பம் ஒன்று பழைய பிரெஞ்சில் ‘அபலிர்’ என்ற வினையாகி, அங்கிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘பேல்’, ‘பாலர்’, ‘பாலிட்’ என்று வெளிறிய நிறத்தைக் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொற்கள் அதன் உடன்பிறப்புகள். ஆனால் வந்த புதிதில் அந்த வினைக்கும் அதிர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஜெஃப்ரி சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ நூலில், முதுமையால் தளர்ந்து போன கிழவனைக் குறிக்கவும், வயதாக ஆக மங்கிப்போகும் ஒருவனுடைய புகழைக் குறிக்கவும் இச்சொல் வருகிறது. சாறு வற்றுதல், சுவை கெடுதல், நிறம் மங்குதல், வலிமை குன்றுதல் ஆகிய யாவும் அதன் பொருளெல்லைக்குள் அடங்கியிருந்தன. யாரும் யாரையும் வெளிறச் செய்யவில்லை. வெளிறுதல் தானாக நேர்ந்தது. இலக்கண நூலார் செயப்படுபொருள் குன்றிய வினை என்று சொல்வார்களே, அந்த வகையிலேயே அது பெரிதும் வழங்கியது.

இந்தப் பழம்பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பது சுவையான செய்தி. ‘அப்பால்’ என்பதன் முதலெழுத்து உதிர்ந்து உண்டான ‘பால்’ என்ற குறுவடிவம் இன்றும் ஆங்கிலத்தில் தனிவினையாக வாழ்கிறது. தொடக்கத்தில் பிடித்திருந்த ஒன்று நாளடைவில் சலித்துப்போவதை அது குறிக்கும். திறந்து வைத்த மது வீரியமிழப்பதைச் சொன்ன அந்த வினை, இன்பங்கள் புளித்துப்போவதைச் சொல்லவும் வந்தது. ஆக, ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து, இளையது சலிப்பையும் மூத்தது திகிலையும் பங்குபிரித்துக்கொண்டன. சவப்பெட்டியின்மேல் போர்த்தும் துணிக்கும் ஆங்கிலத்தில் ‘பால்’ என்றே பெயர். அது லத்தீனில் மேலங்கியைக் குறித்த வேறொரு சொல்லிலிருந்து வந்தது. வேரால் உறவில்லாவிட்டாலும் ஒலியால் இந்த மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருந்திருக்கின்றன. கவிஞர்கள் அந்த உரசலைப் பயன்படுத்தாமல் விடவில்லை.

முகம் ஏன் வெளிறுகிறது என்பதற்கு உடலியலில் தெளிவான விடை உண்டு. ஆபத்தை உணர்ந்தவுடன் பரிவு நரம்பு மண்டலம், அதாவது உடலை ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தப்படுத்தும் நரம்புத்தொகுதி, தோலுக்கடியில் உள்ள சிறு இரத்தக்குழாய்களைச் சுருங்கச் செய்து, குருதியைத் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது. சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட, மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் விதம் பற்றிய நூலில், வியப்பு, திகைப்பு, அச்சம், திகில் ஆகியவற்றை ஒரே இயலில் சேர்த்துப் பேசியபோது, இந்த வெளிறலுக்குத் தோலின் சிறு தமனிகள் சுருங்குவதே காரணமாக இருக்கும் என்று ஏறத்தாழ இதையே சொன்னார். சினத்தில் பெரும்பாலும் முகம் சிவக்கிறது, நாணத்தில் கன்னம் சிவக்கிறது, அச்சத்தில் வெளுக்கிறது. வெளிறல் என்பது ஓடத் தயாராகும் உடலின் அடையாளம் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் அது தேவைப்படும்.

வெளிறுதல் என்பது வெளிறச் செய்தல் ஆனதும், அதிலிருந்து நடுங்க வைத்தல் என்ற பொருள் கிளைத்ததும் 16ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்டுவிட்டன. அந்நூற்றாண்டின் முடிவிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் எழுதிய ஷேக்ஸ்பியர் இச்சொல்லைக் கையாண்ட இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அதன் பிற்கால வரலாறு முழுவதும் அங்கே முளைவிட்டிருப்பது தெரியும். ‘ஹாம்லெட்’ நாடகத்தில், நாடோடி நடிகன் ஒருவன் தனக்கு எவ்வகையிலும் உறவில்லாத ஹெக்யூபாவின் துயரத்தை எண்ணிக் கண்ணீர் மல்க நடித்ததைக் கண்ட இளவரசன், தனக்கிருப்பது போன்ற காரணம் அந்த நடிகனுக்கும் இருந்திருந்தால் அவன் என்னவெல்லாம் செய்திருப்பான் என்று நினைத்துப் பார்க்கிறான். அப்படிப்பட்ட நடிப்பு குற்றவாளிகளைப் பித்தராக்கிவிடும், குற்றமற்றவர்களையோ ‘அப்பால்’ செய்யும் என்பது அவன் கணிப்பு. குற்றம் புரிந்தவனுக்கு ஒரு வினை, புரியாதவனுக்கு வேறொரு வினை என்று அரங்கில் இருப்போர் இங்கே இரு கூறாகிறார்கள். வெளிறுவது குற்றமற்றவரின் பங்கு.

‘மாக்பெத்’ நாடகத்தில் நிலைமை தலைகீழ். அரசன் டங்கனைக் கொன்றுவிட்டு வந்து நிற்கும் மாக்பெத், கோட்டைக் கதவு தட்டப்படும் ஓசை கேட்டு, எந்தச் சிறு சத்தமும் தன்னை இப்படி ஆக்குகிறதே என்று திகைக்கும்போது அவன் பயன்படுத்துவதும் இதே வினைதான். அடுத்த சில வரிகளுக்குள் திரும்பி வரும் அவன் மனைவி, தன் கைகளும் இப்போது அவன் கைகளின் நிறமே என்றும், ஆனால் அவனைப்போல வெளுத்த நெஞ்சைச் சுமப்பது தனக்கு வெட்கக்கேடு என்றும் ஏளனம் செய்கிறாள். சிவப்பும் வெள்ளையும் இவ்வாறு எதிரெதிரே நிற்பது தற்செயலாக இருக்க முடியாது, ஏனெனில் விருந்துக் காட்சியில் பாங்க்வோவின் ஆவியைக் கண்டு மாக்பெத் மீண்டும் இதே வினையைச் சொல்லும்போதும், சற்றைக்கெல்லாம் அங்கிருந்தோரின் கன்னம் சிவந்திருக்கத் தன் கன்னம் மட்டும் வெளுத்துப்போனது பற்றி அவனே பேசுகிறான். வேர்ப்பொருள் ஷேக்ஸ்பியரின் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஹாம்லெட்டின் கணக்கில் நிரபராதி வெளிறுகிறான்; மாக்பெத்தின் அரண்மனையில் கொலைகாரன் வெளிறுகிறான். அதன்பின் வந்த ஆங்கில உரைநடை இவ்விரண்டில் ஹாம்லெட்டின் பக்கமே சாய்ந்தது என்று துணிந்து சொல்லலாம்.

மாக்பெத்தின் பக்கத்தை மறக்காமல் வைத்துக்கொண்டவர்கள் கவிஞர்கள். வில்லியம் பிளேக்கின் 1794ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ‘லண்டன்’ என்ற கவிதையில், புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களின் கூக்குரல், கருத்துக்கொண்டிருக்கும் தேவாலயங்களை ‘அப்பால்’ செய்கிறது. குறுகிய புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்டுவதற்காக வறிய வீட்டுக் குழந்தைகள் ஒப்படைக்கப்பட்ட காலம் அது. எட்டு வயதுக்குக் குறைந்த சிறுவரைத் தொழில் பழகச் சேர்க்கக் கூடாது என்று 1788இல் இயற்றிய சட்டம் ஏட்டளவில் நின்றுவிட்டது. கரிப்புகையால் கட்டடம் கறுப்பதும், குழந்தைகளின் துயரத்துக்குக் கண்மூடியிருந்ததால் அதன் பெயர் கறுப்பதும் ஒன்றாக நிகழும் தேவாலயத்தை ‘வெளுக்கச் செய்கிறது’ என்று சொல்வதில் உள்ள நிறமுரண் வெளிப்படை. சவத்துணியின் ஒலியும் அதனுள் கேட்கிறது. ஆனால் முரணைவிட முக்கியமானது, இங்கே யார் வெளிறுகிறார் என்பது. வெளிறும் தேவாலயம் அந்தக் கொடுமையை வெளியிலிருந்து பார்க்கும் சாட்சி அன்று, அதில் பங்காளி. அதிர்ந்ததாகக் காட்டிக்கொள்ளும் நிறுவனத்தின் முகத்தில் பிளேக் மாக்பெத்தின் வெளிறலைக் கண்டார் என்று வாசிக்க இடமிருக்கிறது.

அமெரிக்க இலக்கியம் இந்தச் சொல்லின் வெண்மையை இன்னும் ஆழமாகத் தோண்டியது. ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலின் 42ஆம் இயல் முழுவதும் திமிங்கிலத்தின் வெண்மை பற்றியது. அந்த விலங்கின் வேறெந்தப் பண்பையும்விட அதன் வெண்மையே தன்னைக் கலங்கடித்தது என்று கதைசொல்லி இஷ்மேல் கூறும் இடத்தில் நிற்பது இந்த வினை. வெளுக்கச் செய்வது வெண்மையே என்ற வேடிக்கையான சுழற்சி அதில் இருக்கிறது. பின்னர் ராபர்ட் ஃபிராஸ்ட் எழுதிய ‘டிசைன்’ என்ற பதினான்கு வரிக் கவிதையில், வழக்கமாக நீலநிறத்தில் பூக்கும் மூலிகைச் செடி ஒன்று வெள்ளையாகப் பூத்திருக்க, அதன்மேல் அமர்ந்த வெள்ளைச் சிலந்தி ஒரு வெள்ளை அந்துப்பூச்சியைப் பிடித்து வைத்திருக்கிறது. இம்மூன்றையும் ஓரிடத்தில் கூட்டிவைத்தது எது என்று கேட்கும் கவிஞர், இப்படிக் கலங்கடிக்க வேண்டும் என்றே இருள் தீட்டிய திட்டமோ என்று ஐயுறுகிறார். 1912இல் அவர் எழுதிய முதல்வடிவில் இந்த வினை இல்லை. 1922இல் அச்சேறிய திருந்திய வடிவிலேயே அது வந்து அமர்ந்தது. வெண்மை மட்டுமே நிரம்பிய காட்சியின் முடிவில் ‘வெளுக்கச் செய்தல்’ என்ற வினையைக் கொண்டுவந்து வைத்த திருத்தம், சொற்களின் வேரறிந்த கையால் மட்டுமே ஆகக்கூடியது. கடவுளின் ஒழுங்கமைப்பைக் குறித்துச் சொல்லப்படும் ‘டிசைன்’ என்ற சொல்லோடு அது சேரும்போது, அதிர்ச்சிக்குக் காரணமான குற்றவாளி யார் என்ற கேள்வி மேலே வானம்வரை போய்விடுகிறது.

கவிதைக்கு வெளியே அந்த வேர் யாருக்கும் கேட்பதில்லை. சொல்லொன்று அடிக்கடி புழங்கிப் புழங்கித் தன் பொருளின் அழுத்தத்தை இழப்பதை மொழியியலார் பொருள் வெளுத்தல் என்று அழைக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் கேயார்க் ஃபொன் தெர் காபெலென்ட்ஸ் 1891இல் எழுதிய மொழியியல் நூலில், சொல்வடிவங்கள் நிறம் மங்கிப்போகின்றன, அவற்றுக்கு மீண்டும் வண்ணம் பூச வேண்டியிருக்கிறது என்று விளக்கியதிலிருந்து இந்த உருவகம் வழிவழியாக வருகிறது. வெளுத்தலைக் குறித்த சொல்லே இந்த வகையில் வெளுத்துப்போனது மொழியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். அச்சத்தையும் திகிலையும் குறித்த ‘ஆஃபுல்’, ‘டெரிபிள்’, ‘ஹாரிபிள்’, ‘ட்ரெட்ஃபுல்’ ஆகிய உரிச்சொற்கள் ‘மிக மோசமான’ என்ற ஒரே வெற்றுப்பொருளில் வந்து கூடியதுபோல, ‘அப்பாலிங்’ என்பதும் மழையையும் கையெழுத்தையும் ரயில்நிலையத் தேநீரையும் குறைசொல்லப் பயன்படுகிறது. ஆனால் இந்த வெளுப்பு சீராக நடக்கவில்லை என்பதை அகராதிகள் போதிய அளவு கவனப்படுத்துவதில்லை. காரணப்பொருளைக் குறிக்கும் ‘அப்பாலிங்’ வலுவிழந்தபோதும், அனுபவிப்பவரைக் குறிக்கும் ‘அப்பால்டு’ வலுவிழக்கவில்லை. வானிலை ‘அப்பாலிங்’ என்று சொல்பவரை, அவர் வானிலையால் ‘அப்பால்டு’ ஆனார் என்று யாரும் எழுதமாட்டார்கள். பொருளை வசைபாடும்போது மலிவாகக் கிடைக்கும் இச்சொல், தன் மனநிலையை அறிவிக்கும்போது இன்னும் விலையுயர்ந்ததாகவே இருக்கிறது.

அந்த விலைக்குக் காரணம் பொருளில் மட்டும் இல்லை, தொடரமைப்பிலும் இருக்கிறது. ஓர் உணர்ச்சியை அனுபவிப்பவர் தொடரில் எழுவாயாக வருகிறாரா, செயப்படுபொருளாக வருகிறாரா என்பதை வைத்து மனநிலை வினைகளை மொழியியலார் இரண்டாகப் பிரிப்பது வழக்கம். பெத் லெவின் 1993இல் வெளியிட்ட ஆங்கில வினைவகைகள் பற்றிய நூலில், அனுபவிப்பவரைச் செயப்படுபொருளாகக் கொள்ளும் வினைகளின் பட்டியலில் இருநூறுக்கும் மேற்பட்டவை இடம்பெறுகின்றன; அதிர்ச்சி வினைகள் அனேகமாக அனைத்தும், ‘அப்பால்’ உட்பட, அங்கேதான் இருக்கின்றன. செய்தியோ செயலோ எழுவாய் ஆகிறது, மனிதர் அதன் தாக்குதலுக்கு உள்ளாகும் பொருள் ஆகிறார். நடைமுறையிலோ இந்த வினை செய்வினையாக வருவதைவிடச் செயப்பாட்டு எச்சமாக, ‘அப்பால்டு’ என்ற வடிவில், வருவதே மிகுதி; அதில் மனிதர் எழுவாயின் இடத்துக்குத் திரும்பினாலும், ஏதும் செய்தவராகத் திரும்புவதில்லை, செய்யப்பட்டவராகவே திரும்புகிறார். ‘ஷாக்’, ‘ஹாரர்’, ‘டிஸ்மே’ போன்றவற்றுக்கு உள்ளதுபோல் புழக்கத்திலுள்ள பெயர்ச்சொல் வடிவமும் இதற்கு இல்லை. ஆதலால் அந்த உணர்ச்சியைத் தனியே எடுத்து மேசைமேல் வைத்து ஆராய முடியாது. அது எப்போதும் ஒரு மனிதரோடோ அமைப்போடோ ஒட்டியே வரும்.

தமிழ் இவ்விஷயத்தில் வேறு வழியில் நடக்கிறது. அதிர்தல், திகைத்தல், மருளுதல், திடுக்கிடுதல், வெலவெலத்தல் ஆகிய வினைகளில் அனுபவிப்பவரே எழுவாய்; செய்தியை எழுவாயாக்க வேண்டுமானால் ‘அதிரச் செய்தது’, ‘திகைக்க வைத்தது’ என்று துணைவினை சேர்க்க வேண்டியிருக்கிறது. நாளிதழ் மொழிபெயர்ப்புகளில் ‘அதிர்ச்சி அடையச் செய்துள்ளது’ என்ற நீண்ட வால் ஒட்டிக்கொள்வதன் காரணம் இதுவே. ‘ஷாக்’, ‘அப்பால்’, ‘ஹாரிஃபை’ மூன்றும் அந்த ஒற்றை ‘அதிர்ச்சி’க்குள் அடைபடும்போது, நடுவில் உள்ளதன் கண்டனப் பொருள் கைநழுவிப் போகிறது, தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ‘அதிர்ச்சியும் வெறுப்பும்’ என்றோ ‘மனம் பதைத்தது’ என்றோ எழுதி அதை ஓரளவு மீட்கிறார்.

உணர்ச்சி உடலில் தோன்றுவதையே மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டாக வகுத்த தொல்காப்பியத்தை இந்த இடத்தில் நினைப்பது பொருந்தும். அது செய்யுளுக்கு இலக்கணம், உளவியல் நூல் அன்று என்ற எச்சரிக்கையோடு பார்த்தால், மருட்கை எனப்படும் வியப்புக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்றும், அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்றும் நிலைக்களன்கள், அதாவது உணர்ச்சி பிறக்கும் காரணங்கள், அங்கே சொல்லப்படுகின்றன. உறுப்பை அறுத்தல், குடிகளைக் கெடுத்தல், வைதலும் அடித்தலும், கொலை ஆகியவை இவ்விரண்டிலும் இல்லை. அவை நான்கும் வெகுளியின் நிலைக்களன்கள். இன்றைய ஆங்கிலம் எந்தக் கொடுமைகளைக் கண்டு ‘அப்பால்டு’ ஆகிறதோ, ஏறத்தாழ அவற்றையே தொல்காப்பியம் சினத்தின் காரணங்களாக வைத்திருக்கிறது. வேறுபாடு சிறியதன்று. சினம் கொண்டவர் ஏதாவது செய்ய வேண்டியவர் ஆகிறார்; வெளிறியவரின் உடலோ, முன்னர்க் கண்டதுபோல், பின்வாங்க ஆயத்தமாகிறது.

இதனால்தான் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்த வினை பிடித்துப்போகிறது என்று தோன்றுகிறது. தம் கீழ்ப் பணியாற்றும் ஒருவரின் தவறு வெளிவந்ததும், அமைச்சரோ நிறுவனத் தலைவரோ தாம் அதனால் ‘அப்பால்டு’ ஆனதாக அறிவிக்கும்போது, ஒரே சொல்லில் மூன்று காரியம் முடிகிறது: செயல் கண்டிக்கப்படுகிறது, பேசுபவர் அதற்கு வெளியே நிற்பது உறுதிப்படுகிறது, அவரும் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவராகிறார். ‘காசாபிளாங்கா’ என்ற 1942ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், சூதாட்ட விடுதியை மூடச் சொல்லும் காவல்துறைத் தலைவர், அங்கே சூதாட்டம் நடப்பதை அறிந்து தாம் ‘ஷாக்’ அடைந்ததாக முழங்கிய மறுகணமே, அவர் வென்ற பணத்தை ஊழியர் ஒருவர் கொண்டுவந்து கொடுக்கும் காட்சி உலகப் புகழ்பெற்றது. அந்த வசனகர்த்தாக்கள் ‘ஷாக்’ என்பதைத் தேர்ந்தது சரியே; ‘அப்பால்’ என்றிருந்தால் நகைச்சுவை சற்றுக் கனத்துப்போயிருக்கும்.

கனமான இடத்தில் அது எப்படி வேலைசெய்கிறது என்பதற்கு ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானங்களே சிறந்த ஆவணம். அவற்றின் அமைப்பு தனித்தன்மை உடையது. தீர்மானம் முழுவதும் ‘பாதுகாப்பு அவை’ என்ற எழுவாயைக் கொண்ட ஒரே நெடுந்தொடர். அதன் முன்னுரைப் பகுதியில் ‘நினைவுகூர்ந்து’, ‘கவலைகொண்டு’, ‘வருந்தி’ என்று எச்சங்களாகவே வரும். செயற்பகுதியில்தான் ‘முடிவுசெய்கிறது’, ‘கோருகிறது’, ‘கண்டிக்கிறது’ என்று முற்றுவினைகள் எண் இடப்பட்டுத் தொடங்கும். ‘அப்பால்டு’ என்பதன் இடம் முன்னுரைப் பகுதி. போஸ்னியாவில் பெண்கள் திட்டமிட்டுச் சிறைவைக்கப்பட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டது பற்றிய 1992 டிசம்பர் 18ஆம் நாளின் 798ஆம் தீர்மானம், அந்தச் செய்திகளால் ‘அப்பால்டு’ ஆனதைச் சொல்லிவிட்டு, செயற்பகுதியில் அவற்றைக் கடுமையாகக் கண்டித்து, தடுப்பு முகாம்கள் யாவும் உடனே மூடப்பட வேண்டும் என்று கோரியது. உணர்ச்சிக்கும் முற்றுவினைக்கும் இடையே அங்கே ஒரு தொடர்ச்சி இருந்தது.

ருவாண்டாவைப் பற்றிய தீர்மானத்தில் அது இல்லை. 1994 ஏப்ரல் 6ஆம் நாள் ருவாண்டா, புருண்டி ஆகிய இரு நாடுகளின் அதிபர்களும் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதைத் தொடர்ந்து துத்சி மக்களின் இனப்படுகொலை தொடங்கியது; மறுநாள் பத்து பெல்ஜிய அமைதிப்படை வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொள்ள முடிவுசெய்தது. ஏப்ரல் 21இல் நிறைவேறிய 912ஆம் தீர்மானத்தின் முன்னுரையில் அதிர்ச்சிச் சொற்கள் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கின்றன: அதிபர்களின் சாவு அவையை ‘ஷாக்’ செய்தது, அதன்பின் நடந்த, பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான அப்பாவிகளின் உயிரைக் குடித்த வன்முறை அதை ‘அப்பால்’ செய்தது, தொடரும் சண்டை ஆழ்ந்த கவலை தந்தது. இரண்டு தலைவர்களின் எதிர்பாராத மரணத்துக்கு ஒரு வினை, மக்களைக் கொன்றுகுவித்த அநீதிக்கு வேறொரு வினை என்று சொற்களைத் தேர்ந்தவரின் ஆங்கிலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. செயற்பகுதிக்கு வந்ததும் அந்தத் தீர்மானம், சுமார் 2,500 பேர் கொண்ட அமைதிப்படையை ஏறக்குறைய 270 பேராகக் குறைப்பதற்கு ஒப்புதல் அளித்தது. மே 17இல் 918ஆம் தீர்மானத்தின் வழியாக அவ்வெண்ணிக்கையை 5,500 வரை உயர்த்த அவை முடிவுசெய்தபோதும், அந்தப் படை உரிய காலத்தில் போய்ச்சேரவில்லை. சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் மாண்டனர்.

ஐ.நா. அமைத்த தனிவிசாரணைக் குழு, ஸ்வீடனின் முன்னாள் பிரதமர் இங்வர் கார்ல்சன் தலைமையில் ஆராய்ந்து 1999 டிசம்பரில் அறிக்கை அளித்தது. இனப்படுகொலையின்போது அமைதிப்படைத் துறைக்குப் பொறுப்பாக இருந்து, அதன்பின் பொதுச்செயலர் ஆகியிருந்த கோஃபி அன்னான் அதைப் பெற்றுக்கொண்டு வெளியிட்ட அறிவிப்பில், ஐ.நா. சார்பில் தோல்வியை ஒப்புக்கொண்டு தன் உணர்வைச் சொல்ல எடுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல் ‘ரிமோர்ஸ்’. கடித்ததையே திரும்பக் கடித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த அச்சொல், ‘அப்பால்’ போலன்றி, செய்தவனுக்கோ செய்யத் தவறியவனுக்கோ மட்டுமே உரியது. சாட்சியாக நின்றவர் அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.